முதுகுவலிக்கு டெர்மார்ஃபின் ஊசி போடலாமா?

ஐயா, கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் வேலை செய்யும் உங்கள் மைத்துனர், முதுகுவலிக்காக இணையத்தில் வாங்கிய டெர்மார்ஃபின் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டவே வேண்டாம். தென்னமெரிக்கத் தவளையின் தோலில் கண்டறியப்பட்டு 1981-இல் வெளியுலகுக்குத் தெரியவந்த இந்தப் பெப்டைடு (புரதத் துணுக்கு போன்ற பொருள்), கடும் வலிக்குத் தரப்படும் அபின் வகை மருந்தான மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமானது என்பதால், அளவில் நேரும் சிறு பிழைகூட மூச்சை அடக்கிவிடும். மலச்சிக்கல், குமட்டல், அடிமையாதல் எல்லாம் அதற்கடுத்த கவலைகள். குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றிருந்தால், உள்ளிருப்பது என்ன, கிருமி நீக்கப்பட்டதா என்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். ஏற்கெனவே போட்டிருந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உதடு நீலம்பாரித்து, தட்டியும் எழாவிட்டால், உடனே 108-ஐ அழைத்து, குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். நலாக்சோன் என்னும் முறிவு மருந்து மூச்சை மீட்கும், ஆனால் அதன் வீரியம் தணிந்ததும் மயக்கம் திரும்பக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும்வரை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.