படித்ததை மன்னித்தேன், சபையில் சொன்னதை?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். கணவர், மகளோடு பிரான்சில் புவாத்தியேயில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தேன். கல்யாணப் பேச்சு நடந்தபோதே அதை அவரிடம் சொல்லிவிட்டேன். கூடவே ஒன்று கேட்டேன்: "மனசு பாரமானால் நோட்டில் எழுதுவேன். அதை மட்டும் நீங்கள் எடுத்துப் படிக்கக் கூடாது." சத்தியம் செய்து கொடுத்தார்.

சில வருஷம் முன்னால் படித்துவிட்டார். பீரோவில் நோட்டு இடம் மாறியிருந்தது. மறுநாள் அவர் காட்டிய கூடுதல் அக்கறையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. நம்ம மனுஷன்தானே என்று விட்டுவிட்டேன்.

போன கோடை விடுமுறையில் மாமியாரும் நாத்தனாரும் வந்திருந்தபோது, மகளின் மதிப்பெண் பற்றிப் பேச்சு வந்து சண்டையானது. அவர்கள் முன்னால், நோட்டில் நான் எழுதியிருந்ததை வரி மாறாமல் சொல்லி, "மனநோய்க்கு மாத்திரை தின்றவள் பெற்றது வேறெப்படி இருக்கும்?" என்று கத்தினார். மகள் பக்கத்து அறையில் இருந்தாள்.

"புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ரகசியம், கோபத்தில் வந்துவிட்டது" என்கிறார் இப்போது. அன்று மன்னித்த எனக்கு இன்று முடியவில்லை. இது முரண்பாடா? இங்கே பக்கத்தில் லூசினியான் கோட்டையைப் பற்றிய பழங்கதையில், கணவன் வாக்கு மீறியதும் அவனை விட்டுப் பறந்து போன மெலூசின் என்ற தேவதை வருகிறாள். அந்தக் கதையை மகள் பள்ளியில் படித்தாள். அவளைப் போல நானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புச் சகோதரிக்கு,

முரண்பாடு இல்லை. நீங்கள் குறிப்பிட்ட கதையே அதைச் சொல்கிறது.

ழான் தாராஸ் என்பவர் பெர்ரி கோமகனுக்காக 1393-இல் எழுதி முடித்த வடிவத்தை எடுத்துக்கொள்வோம். தாயின் சாபத்தால் மெலூசினுக்குச் சனிக்கிழமைதோறும் இடுப்புக்குக் கீழே பாம்புடல். சனிக்கிழமை அவளைப் பார்க்காத கணவன் அமைய வேண்டும். பார்த்தே விட்டாலும் அவன் யாரிடமும் சொல்லக் கூடாது. அப்படி அமைந்தால் அவள் மனுஷியாக வாழ்ந்து மனுஷியாகச் சாவாள். பலரும் முதல் பாதியை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவள் கணவன் ரேமொந்தேன் பார்த்துவிட்டான். அண்ணன் ஏற்றிவிட்ட சந்தேகத்தில் வாளால் கதவில் துளை போட்டுப் பார்த்தான். பார்த்தபின் வெட்கி, மெழுகால் துளையை அடைத்து, அண்ணனை விரட்டினான். அவளுக்குத் தெரியும். அவன் வாய் திறக்கவில்லை என்பதால் தெரியாதவள்போல் இருந்துவிட்டாள். பிறகு அவர்கள் மகன் ஜெஃப்ருவா, மையெசே மடத்தைத் தன் தம்பியோடும் துறவிகளோடும் சேர்த்து எரித்தான். துயரம் தாங்காத ரேமொந்தேன், எல்லோரும் கேட்க அவளைப் பொய்க்காரப் பாம்பு என்றான், உன் வயிற்றில் பிறந்தது எதுவும் உருப்படாது என்றான். அவள் பறந்து போனது அதற்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டிலும் உடைந்தவை இரண்டு. படித்தது உங்களுக்குச் செய்த சத்தியத்தை மீறிய செயல். அதை மன்னித்தது உங்கள் பெருந்தன்மை. ஆனால் நம்பிச் சொன்ன வலியை எடுத்து, உங்களை மதிக்க வேண்டியவர்கள் முன்னால் ஆயுதமாக்கியது வேறு. முதல் மன்னிப்பு இரண்டாவதற்குச் செல்லாது. "என்ன ரகசியம்" என்று அவர் கேட்பதும் பொருந்தாது. கணவருக்குத் தெரிய வேண்டியதை நீங்கள் முன்பே சொல்லிவிட்டீர்கள். கடன், நோய், ஆபத்து போல அவரையும் பாதிக்கும் விஷயத்தை மறைத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஆனால் மெலூசினுக்குச் சாபம் இருந்தது. அவனை மன்னித்தும் அவளால் தங்க முடியவில்லை. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் முடிவுக்கு முன் சிலவற்றைச் செய்து பாருங்கள்.

நோட்டைப் படித்தது அன்றே தெரியும் என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் விட்டுக்கொடுத்ததே அவருக்குத் தெரியாது. பிறகு, சொன்னது யார் முன்னாலோ அவர்களிடமே அவர் தன் தவறைச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் காதோரம் கேட்கும் மன்னிப்பு போதாது. அம்மாவிடமும் தங்கையிடமும், "அது என்னிடம் நம்பிச் சொன்னது, நான் சொன்னது தவறு, இனி யாரும் அதைப் பேசக் கூடாது" என்று அவர் சொன்னால் போதும்; நோட்டில் இருந்ததை மறுபடி விளக்கக் கூடாது. அவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்தை உங்களுக்காக ஏற்கிறாரா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உலுக்கியது மகள். தன்னைப் பற்றி அப்பா சொன்னது பக்கத்து அறையில் இருந்த அவள் காதில் விழுந்திருக்கும். மதிப்பெண்ணுக்கும் அம்மாவின் பழைய நோய்க்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் அவரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்களும் தனியே பேசுங்கள். சிகிச்சை எடுத்ததில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதை உங்கள் வாயால் கேட்கட்டும்.

எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். நோட்டைப் பூட்டி வைக்கத் தோன்றினால் பூட்டிக்கொள்ளுங்கள், யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. பழைய இருள் திரும்புவதுபோல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கணவரைக் கண்டு பயம் வந்தாலோ, அவர் கை நீட்டினாலோ, பிரான்சில் 3919 என்ற இலவச உதவி எண் எந்நேரமும் இருக்கிறது. பெயர் சொல்லாமல் பேசலாம்.

இத்தனைக்கும் பிறகு, "நடந்ததை விடு" என்பது மட்டுமே அவர் பதிலாக இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். பிரிந்து வாழ்வது பற்றி அப்போது பேசுவோம்.