விண்டோஸ் 11-க்கு மாறியதும் ஷேர் ஃபோல்டர் ‘பாஸ்வேர்டு தவறு’ என்கிறதே, என்ன செய்வது?

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றிய பிறகு, பக்கத்து கம்ப்யூட்டரில் ஷேர் செய்திருக்கும் ஃபோல்டர் திறக்க மறுக்கிறது, சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் தவறு என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் அடிப்பது பாஸ்வேர்டா, பின் நம்பரா?

கேலிக்காகக் கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பெயிண்ட், ஆணி விற்கிற கடை வைத்திருக்கிறார். பில் டேட்டா முழுக்க கல்லா கம்ப்யூட்டரில் இருக்கிறது. குடோன் கம்ப்யூட்டர் அதைத் திறந்து பார்த்தால்தான் சரக்கு வெளியே போகும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்றதும் இரண்டையும் 11-க்கு மாற்றிவிட்டார். மறுநாள் காலையிலேயே போன். “தம்பி, கரெக்டாத்தான் போடுதேன், தப்புன்னே சொல்லுது.” போய்ப் பார்த்தால், கல்லா கம்ப்யூட்டரைத் திறக்கிற நாலு இலக்க பின்னை குடோனில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார்.

பின் என்பது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வந்தால் செல்லாது. சரி, பழைய பாஸ்வேர்டு என்ன ஆயிற்று? அப்கிரேடு முடிந்தபின் ‘செட்டப்பை முடித்துவிடலாம்’ என்று வந்த திரைகளுக்கெல்லாம் நெக்ஸ்ட் கொடுத்தவர், நடுவில் மெயில் ஐடியையும் கொடுத்திருக்கிறார். அத்துடன் அந்த மெஷினுக்குள் மட்டும் இருந்த லோக்கல் அக்கவுண்ட் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டாகிவிட்டது. இனி அந்த மெயில் ஐடியின் பாஸ்வேர்டுதான் பாஸ்வேர்டு. குடோன் கம்ப்யூட்டரோ சேமித்து வைத்திருந்த பழையதையே நீட்டிக்கொண்டிருந்தது.

இதற்குள் அவர் மருமகன் ஏதோ வீடியோ பார்த்து, ஷேர் ஃபோல்டருக்கு பாஸ்வேர்டு கேட்க வைக்கும் ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ வசதியை ஆஃப் செய்து வைத்திருந்தார். விண்டோஸ் 7 காலத்து வைத்தியம் அது. ஆஃப் செய்தால் வருகிறவர் கெஸ்டாக, அதாவது பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளியாக நுழைவார். ஆனால் விண்டோஸ் 11 புரோ பதிப்பில், 2024-இல் வந்த 24எச்2 அப்டேட் முதல் கெஸ்டாகப் போவது தானாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது’ என்று செய்தி வரும். ஆணிக்கடையில் ஏது கொள்கை! விண்டோஸின் விதிகளை மாற்றும் குரூப் பாலிசியில் இதைத் திறந்துவிட வழி உண்டு, நான் செய்வதில்லை. பாஸ்வேர்டே இல்லாமல் ஷேர் செய்தால் கடை வைஃபையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் கணக்கைப் புரட்டலாம்.

ஆகவே பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்கை மறுபடி ஆன் செய்துவிட்டு, கல்லா கம்ப்யூட்டரில் ‘குடோன்’ என்று தனியாக ஒரு லோக்கல் யூசரை உண்டாக்கினேன். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாத யூசர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கட்டாயம் பாஸ்வேர்டு வையுங்கள். பாஸ்வேர்டு காலியாக இருக்கும் லோக்கல் யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. பில் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் போய் அந்த யூசருக்கு ரீட், ரைட் உரிமை கொடுத்தேன்.

அப்புறம் குடோன் பக்கம். கண்ட்ரோல் பேனலில், சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் கல்லா கம்ப்யூட்டரின் பெயரில் இருந்த பழைய பதிவை நீக்கினேன். பலர் இதை விட்டுவிட்டுத்தான் மணிக்கணக்கில் அல்லாடுகிறார்கள். புதிய பதிவில் யூசர் பெயரை வெறுமனே எழுதாதீர்கள். கல்லா கம்ப்யூட்டரின் பெயர், என்டருக்கு மேலே இருக்கும் பின்சாய்வுக் கோடு, அதன்பின் யூசர் பெயர், இப்படி எழுத வேண்டும். அப்போதுதான் எந்த மெஷினின் யூசர் என்பதில் குழப்பம் வராது. 1219 என்ற பிழை வந்தால், பழைய பெயரிலான இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபோல்டர் திறந்தது. அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி போன்: “பாஸ்வேர்டு காலாவதின்னு வருதே தம்பி.” தப்பு என்னுடையது. அவசரத்தில் செட்டிங்ஸ் வழியாகப் போகாமல் கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்த யூசரை உண்டாக்கியிருந்தேன். அப்படி உண்டாக்கினால் பாஸ்வேர்டுக்கு ஆயுள் 42 நாள். லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸில் ‘பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்தேன். அது விண்டோஸ் ஹோம் பதிப்பில் இருக்காது. உங்களுடையது ஹோம் என்றால் நான் மேலே சொன்ன செட்டிங்ஸ் வழியிலேயே செய்யுங்கள்.