கொரில்லா பார்க்க பர்சனல் லோன் போடலாமா?

கேள்வி: நான், மனைவி, 13 வயது மகன் மூவரும் அடுத்த கோடையில் மலைக் கொரில்லா பார்க்கப் போக ஆசைப்படுகிறோம். பெர்மிட் ஒருவருக்கு ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர் என்கிறார்கள். லோன் போட்டு இப்போதே வாங்கிவிடலாமா?

பதில்: லோன் இருக்கட்டும், உங்கள் மகனுக்கு பெர்மிட்டே கிடைக்காது. இரண்டு நாடுகளிலும் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். பேசாமல் இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள், லோனுக்கும் வேலை இருக்காது. மாதாமாதம் ஒரு ஆர்டி போட்டாலே போதும். இவ்வளவு குறுகிய காலத்துக்கு ஷேர் ஃபண்ட் பக்கம் போக வேண்டாம்.

ஆனால் இன்றைய விலையை வைத்துச் சேர்க்காதீர்கள். உகாண்டாவில் 600 டாலராக இருந்தது 2020-ல் 700, 2024-ல் 800 ஆனது. ருவாண்டா 2017-ல் 750-ஐ ஒரேயடியாக இரட்டிப்பாக்கியது. டாலரும் ஏறலாம், அதனால் 20 சதவீதமாவது கூடுதலாக ஒதுக்குங்கள்.

எந்த நாடு? நான் உகாண்டா என்பேன். இரண்டு இடத்திலும் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு நாளுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மூன்று பேருக்கு பெர்மிட்டிலேயே 2,100 டாலர் மிச்சம். என்ன, உகாண்டாவின் விமான நிலையமான என்டெபியில் இறங்கினால், கொரில்லாக்கள் இருக்கும் ப்விண்டி காட்டுக்கு ஒரு பகல் முழுக்க ரோட்டில் போக வேண்டும், வண்டி வாடகையும் கூடுதல் இரவுத் தங்கலும் அந்த மிச்சத்தைத் தின்னும். அதைவிட ருவாண்டாவின் கிகாலியில் இறங்கி எல்லை தாண்டிப் போனால் தூரம் பாதிதான். 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும்.

வாங்கும் வரிசை முக்கியம். முதலில் பெர்மிட், அப்புறம் லாட்ஜ், கடைசியில்தான் விமான டிக்கெட். பெர்மிட்டில் தேதியோடு, ப்விண்டி காட்டின் எந்தப் பகுதி என்பதும் இருக்கும். ருஷாகாவுக்கு வாங்கிவிட்டு புஹோமாவில் ரூம் போட்டால் விடியற்காலையில் மலைப்பாதையில் மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டிவரும். கிகாலியிலிருந்து போகிறவர்களுக்கு தெற்கே இருக்கும் ருஷாகா, ன்குரிங்கோ வசதி. ஏஜென்ட் மூலம் வாங்கினால், உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்ட பெர்மிட் நகல் கைக்கு வராமல் மொத்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள். தேதி மாற்றம், ரத்து விதிகளையும் எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் அன்று சளி, காய்ச்சல் இருந்தால் கொரில்லா பக்கம் விடமாட்டார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள், அந்தச் சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவிலிருந்து திரும்பினால் இந்தியாவில் தனிமைப்படுத்துவார்கள். வழிகாட்டி, நுழைவுக் கட்டணம் பெர்மிட்டிலேயே அடங்கும். பை தூக்குகிறவருக்கும் டிப்ஸுக்கும் தனியாக டாலர் ரொக்கம் வேண்டும். 2009-க்கு முந்தைய நோட்டுகளை அங்கே பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.