அயோவாவில் குவார்ட்டர்பேக்கைப் புரிந்துகொள்வது பற்றி

அன்புத் தம்பி, டெ மொய்ன் நகருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, திங்கட்கிழமைதோறும் அலுவலகத்தில் அமெரிக்க ஃபுட்பால் பேச்சுதான், அதிலும் குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரர் ஒருவரையே ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள் அல்லது ஏசுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

பந்தை 10 யார்டு முன்னே கொண்டு செல்ல ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கிடமே வருகிறது. அதை ஓடுபவரிடம் கொடுப்பதா, எறிவதா, எறிந்தால் யாருக்கு என்பதை, தம்மை வீழ்த்தப் பாய்ந்து வருபவர்களுக்கு எதிரே நின்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். இந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும் என்பதால், அணியின் மற்ற குவார்ட்டர்பேக்குகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்பை அறிய கர்ட் வார்னரின் வாழ்க்கையைப் பாருங்கள். அவர் இந்த அயோவா மாநிலத்துக் குவார்ட்டர்பேக். 1994இல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் புதிய ஆட்டக்காரர் தேர்வில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிரீன் பே அணி பயிற்சி முகாமுக்கு அழைத்துத் திருப்பி அனுப்பிவிட்டது. நீங்கள் காய்கறி வாங்கும் அதே ஹை-வீ நிறுவனத்தின் சீடர் ஃபால்ஸ் கடையில், மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு இரவில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். பிறகு இதே டெ மொய்னில், உள்ளரங்கில் 50 யார்டு களத்தில் ஆடும் பார்ன்ஸ்டார்மர்ஸ் அணியில் மூன்று பருவங்கள் ஆடினார். பந்தைச் சட்டென்று எறிந்துவிடும் பழக்கம் அந்தக் குறுகிய களத்தில்தான் உறுதிப்பட்டது என்பது என் கருத்து.

1999இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் முழங்காலில் அடிபட்டு விலக, 28 வயதில் வார்னருக்கு அந்த இடம் கிடைத்தது. அந்தப் பருவத்தில் 41 டச்டவுன்களுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்து, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். நான் இங்கு வந்த முதல் குளிர்காலம் அது. 2000 ஜனவரி 30 அன்று உடன் பணியாற்றிய ஒருவரின் வீட்டில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பார்த்தேன். ஆட்டம் 16–16 என்றிருக்க, இரண்டே நிமிடம் மிஞ்சிய நிலையில், எதிராளி மோதும் கணத்தில் வார்னர் எறிந்த பந்தை ஐசக் புரூஸ் பிடித்து ஓடி, 73 யார்டு டச்டவுனாக்கினார். விதிகள் தெரியாத நானும் எழுந்து நின்றேன். பார்ன்ஸ்டார்மர்ஸ் காலத்திலேயே அவரைப் பார்த்திருந்த அந்த வீட்டுப் பெரியவர் கண்ணீர் விட்டார்.

பின்னர் காயங்களும் தடுமாற்றமும் வந்தன. நியூயார்க் அணியில் இளைஞரான ஈலை மானிங் என்னும் குவார்ட்டர்பேக்குக்கு இடம் விட்டார். ஆனால் 37 வயதில் அரிசோனா அணியை அதன் முதல் சூப்பர் பவுலுக்கு அழைத்துச் சென்றார். 27–23 என்று தோற்றாலும், அந்தப் பருவத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2017இல், தலைசிறந்த ஆட்டக்காரர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் பார்க்கும்போது பந்தைத் தொடராமல், அது கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக்கின் முகம் எந்தெந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். திங்கட்கிழமை, அலுவலகத்தில் மூத்தவர் எவரிடமாவது வார்னரை அரங்கில் நேரில் பார்த்ததுண்டா என்று கேளுங்கள்.