கேள்வி – பதில்: மரக்குற்றி வீடு கட்டப் பழகுதல்

மரக்குற்றி வீடு பற்றி வந்த கடிதங்களுக்கே இம்முறை இப்பகுதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது. கேள்விகள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

கேள்வி: நோர்வேயில் வசிக்கும் எனது சித்தப்பா, தாம் விடுமுறைக்குத் தங்கும் மரக்குற்றி வீட்டின் படங்களை அனுப்பியிருந்தார். அதுபோன்ற ஒன்றை எங்கள் வயற்காணி மேட்டில் என் கையாலேயே கட்ட விரும்புகிறேன். மேசன் வேலையோ தச்சு வேலையோ நான் பழகியதில்லை. எங்கே தொடங்குவது, ஐயா?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: ஒரு கோழிக்கூட்டில் தொடங்குங்கள். கேலியாகச் சொல்லவில்லை; கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். உருண்டைக் குற்றிகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டிப் பூட்டினால், தூணும் கல்லும் இல்லாமல் அதுவே சுவராகிவிடுகிறது. 12 அடிச் சதுரமான ஒற்றை அறைக்கு 8 அங்குல விட்டமுள்ள குற்றிகளால் 8 அடி உயரச் சுவர் எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு குற்றி மற்றதன்மேல் பொருந்தி அமர்வதில் வரிசைக்கு ஓர் அங்குலம் போய்விடுமாதலால், 14 வரிசைகள் வேண்டும். வரிசைக்கு நான்காக 56 குற்றிகள். மூலைக்கு வெளியே இரு புறமும் ஓரடி நீட்டி விட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் 14 அடி நீளம். மொத்தம் 270 கன அடிக்கு மேற்பட்ட மரம். நோர்வேயில் பயன்படும் பைன் மரத்தில், காய்ந்த பிறகு, அப்படியான ஒரு குற்றி ஏறக்குறைய 70 கிலோ இருக்கும். தண்ணீரில் போட்டால் தாழ்ந்து போகும் நமது பாலை மரத்திலோ அதே குற்றி 150 கிலோவை எட்டும். அதனைத் தலைக்கு மேலே ஏற்றி, பொருந்துகிறதா என்று பார்த்து, இறக்கி வெட்டி, மறுபடியும் ஏற்றுவது கைபழகாதவருக்கு ஆபத்தான வேலை.

கோழிக்கூட்டை 4 அடிச் சதுரமாக, 5 அங்குலக் குற்றிகளால் 8 வரிசைக்குக் கட்டுங்கள். 32 குற்றிகள் போதும், தனியாளாகத் தூக்கலாம். அடியில் கிடக்கும் இரண்டைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் இரு வெட்டுகள் வீதம் 60 வெட்டுகள் வெட்டியிருப்பீர்கள். முதற் பத்து வெட்டுகளை யாருக்கும் காட்ட மனம் வராது. நாற்பதாவது வெட்டை நீங்களே பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள்.

அந்த வெட்டு எப்படி அமைய வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. மேலே வைக்க வேண்டிய குற்றியைக் கீழ்க் குற்றியின் மீது குறுக்காக வைத்து, உருளாதபடி ஆப்பு அடித்து நிறுத்துங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வட்டம் கீறும் கவராயத்தைப் போன்ற, ஆனால் அதைவிடப் பெரிய இரும்புக் கவராயம் ஒன்றை வெட்டின் ஆழத்துக்கு விரித்து, ஒரு கால் கீழ்க் குற்றியின் வளைவைத் தடவிக்கொண்டு போக, மற்றக் கால் மேற் குற்றியில் அதே வளைவைக் கீறும்படி இழுக்க வேண்டும். இழுக்கும்போது கவராயம் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சற்றே சரிந்தாலும் கோடு பொய்யாகிவிடும். பிறகு குற்றியைப் புரட்டி, கோட்டுக்குள்ளே வாளால் நெருக்கமாகப் பல கீறல்கள் போட்டு, உளியால் தட்டி எடுத்து, நடுப்பகுதியை விளிம்பைவிடச் சற்று அதிகமாகக் குடைந்துவிட்டால், திருப்பி வைக்கும்போது இரு விளிம்புகளும் மட்டும் இறுகப் பிடிக்கும்.

வெட்டு எப்போதும் மேற் குற்றியின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். நிமிர்ந்த சிரட்டை தண்ணீர் பிடிக்கும், கவிழ்த்த சிரட்டை வடிக்கும். நான் இதைப் பணம் கொடுத்துப் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் படுவான்கரையில் எனக்கென்று ஒரு வயல் வாடியைக் குற்றியால் கட்டியபோது, குற்றியைப் புரட்டும் சிரமத்துக்குப் பயந்து, கீழ்க் குற்றியின் முதுகிலேயே வெட்டிவிட்டேன். மூன்றாவது மாரி முடிந்து, தைப்பொங்கலை ஒட்டி வெள்ளையடிக்கப் போனபோது, வெளிப்பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தென்கிழக்கு மூலையில் சிறு கறுப்பு நிறத்தைக் கண்டு திருப்புளியால் குத்தினேன். அது பிடிவரை இறங்கிவிட்டது. இழுத்தபோது ஈரக் கோப்பித்தூள் போன்ற பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. நான்கு மூலைகளும் அப்படித்தான் இருந்தன.

யாரிடம் பழகுவது என்றால், தச்சு அடிப்படைகளுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் பாடநெறிகள் இருக்கின்றன. ஆயினும் என் எண்ணத்தில், மரத் தோணி கட்டிய பழைய ஓடாவி ஒருவரிடம் இரண்டு மாதம் கையாளாக நிற்பதே மேல். வளைந்த பலகையை வளைந்த பலகையோடு நீர் புகாமல் பொருத்துகிறவருக்கு, குற்றியைக் குற்றியோடு பொருத்துவது புதிய வித்தை அன்று. கண்ணாடி நாரிழைப் படகுகள் வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்திருக்கிறது. சொல்லித்தரப் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: குற்றிக்கு எந்த மரம் நல்லது? எங்கள் வளவில் வயது போன தென்னைகள் பல நிற்கின்றன. அவை உதவுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதிர்ந்த தென்னையின் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உள்ளே இருப்பது சோற்றி. பெரும்பாலான மற்ற மரங்களில் இது தலைகீழ். ஆகவே தென்னையை உருண்டையாகவே அடுக்கினால், வெட்டுகிற ஒவ்வொரு மூலையிலும் அந்தச் சோற்றி திறந்துகொண்டு தண்ணீரை உறிஞ்சும். தென்னையைப் பிளந்து, வைரத்தைத் தீராந்தியாகவும் கைமரமாகவும் கூரைக்குப் போடுங்கள். சுவருக்கு வேண்டாம்.

பாலையும் முதிரையும் உறுதியில் சிறந்தவை. ஆனால் அவை கனமானவை, வாளை மழுங்கடிப்பவை, நேராகக் கிடைப்பது அருமை. காட்டில் வெட்டியதை வாங்கினால் வழக்கும் வரும். பழகுபவருக்குப் பொருத்தமானது, தோட்டமாக நட்டு வளர்த்த தேக்கு. அதிலும் ஒரு கவனம் தேவை. தேக்கு உளுக்காது என்று சொல்வதெல்லாம் நடுவில் உள்ள வைரத்துக்கே பொருந்தும். சுற்றியுள்ள வெளிறைக் கறையானும் வண்டும் விட்டுவைப்பதில்லை. இளந்தேக்கில் வெளிறே அதிகம். குற்றியின் வெட்டுமுகத்தைப் பார்த்து, கபில நிற வட்டம் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று அளந்து வாங்குங்கள்.

அரச மரக் கூட்டுத்தாபனத்திடமோ பதிவுள்ள மரக்காலையிலோ வாங்கி, பற்றுச்சீட்டை வீடு முடிந்த பிறகும் வைத்திருங்கள். சொந்த வளவில் நிற்பதானாலும் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. வேறு பல மரங்களை வீதியில் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். முதலில் கிராம உத்தியோகத்தரையும், பிறகு பிரதேச செயலகத்தையும் நாடுங்கள். தேய்பிறையில் வெட்டினால் மரம் உளுக்காது என்று ஓடாவிமார் சொல்வதுண்டு. அதைப் பற்றி நான் வாதாடுவதில்லை. வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிட்டால் எந்தப் பிறையும் எனக்குச் சம்மதம்.

கேள்வி: வாங்கி முற்றத்தில் அடுக்கிய குற்றிகள் ஒரே மாதத்தில் நெடுகிலும் வெடித்துவிட்டன. மரக்காலையில் ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் மாதத்தைப் பார்த்தால், குற்றவாளி, மரத்தை வேகமாக உலர்த்தும் வறண்ட கச்சான் காற்று. மரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்கில்தான் சுருங்குகிறது. அதிலும் வளையத்தின் சுற்றுவாக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு. தோல் சுருங்க, உள்ளே இருக்கும் ஈர மரம் இடம் கொடுக்காததால் வெடிப்பு விழுகிறது. உருண்டைக் குற்றியில் இதனைத் தடுக்க இயலாது. எந்தப் பக்கம் வெடிக்க வேண்டும் என்று மரத்துக்கு நாம் சொல்லிக் கொடுக்கலாம்: சுவரில் மேல்நோக்கி அமையப்போகும் பக்கத்தில், நீளவாக்கில், நடுப்பகுதியை நெருங்கும் ஆழத்துக்கு வாளால் ஒரு கீறல் போடுங்கள். வெடிப்பு அங்கேயே திறக்கும். அதன்மேல் அடுத்த குற்றி அமர்ந்து மூடிக்கொள்ளும். குற்றிகளைக் காற்றோட்டமான நிழலில், நிலத்தில் படாமல், இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கி, வெட்டுமுகங்களுக்குத் தடிப்பாகப் பெயின்ற் பூசிவிடுங்கள். பக்கவாட்டில் ஏற்கெனவே வெடித்தவற்றை எறிய வேண்டாம். வெடிப்பு மழை படும் பக்கம் வராதபடி உள்நோக்கித் திருப்பி வையுங்கள்.

இந்தச் சுருக்கத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. அடுக்கிய குற்றி ஒவ்வொன்றும் மெலிவதால் சுவர் முழுவதுமே தாழ்கிறது. குளிர்நாட்டு ஊசியிலை மரங்களைப் பச்சையாக அடுக்குகிறவர்கள், சுவரின் உயரத்தில் அடிக்கு அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இறங்கும் என்று கணக்கு வைத்துக் கட்டுகிறார்கள். 8 அடிச் சுவருக்கு அது 4 முதல் 6 அங்குலம். கதவு, யன்னல் நிலைகளுக்கு மேலே அந்த இடைவெளியை விட்டு, ஒரு பலகையால் மறைத்துவிட வேண்டும். விடாவிட்டால் கூரையின் பாரமெல்லாம் நிலையின் தலையில் இறங்கி, இரண்டாம் வருடம் கதவு திறக்காது.

கேள்வி: கறையானுக்குக் கழிவு ஒயில் பூசினால் போதும் என்கிறார் என் மகன். சரியா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: போதாது, அம்மா. ஒயில் மேற்தோலோடு நின்றுவிடும். கறையான் வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். நெருப்புப் பிடிப்பதற்கும் கிணற்றில் கலப்பதற்கும் அது நன்றாக உதவும். குற்றி ஈரமாக இருக்கும்போதே, 10 லீற்றர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸும் 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு இரண்டு மூன்று தடவை தாராளமாகப் பூசி, சில நாட்கள் பொலித்தீனால் மூடி வைக்கச் சொல்லுங்கள். ஈரத்தின் வழியாகவே மருந்து உள்ளே ஊறும். ஆனால் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால், காய்ந்த பின் வெளிப்பூச்சும், சுவருக்கு அப்பால் 3 அடியாவது நீண்ட தாழ்வாரமும் வேண்டும்.

மருந்தை விட முக்கியமானது உயரம். நோர்வேயில் தானியம் வைக்கும் மரக்களஞ்சியங்களை எலி ஏறாதபடி தூண்களின்மேல் நிறுத்துவார்கள். அதனை ஸ்டாபுர் என்பர். நீங்களும் கொங்கிறீற் தூண்களை 2 அடிக்குக் குறையாமல் எழுப்பி, தூணுக்கும் முதற் குற்றிக்கும் இடையே, நான்கு புறமும் விளிம்பு வெளியே நீண்டு கீழ்நோக்கி மடிந்த தகரத் தகடு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். தகடு கறையானைக் கொல்லாது. மேலே போக வேண்டுமானால் வெளிச்சத்தில் மண்குழாய் கட்டித்தான் அது போக முடியும். விளக்குமாறோடு போகும் உங்கள் கண்ணில் அது படும்.

கேள்வி: 1978 சூறாவளியை நேரில் கண்டவன் நான். மர வீடு அப்படிப்பட்ட காற்றுக்கு நிற்குமா?
– வாசகர், கல்முனை

பதில்: 1978 நவம்பர் 23 ஆம் திகதியை நம் பகுதியில் மறந்தவர் யார்? சுவர் நிற்கும், அதன் பாரமே அதற்குப் பலம். பறப்பது கூரைதான். மூலைகளிலும் வாசலின் இரு மருங்கிலும், தூணின் கொங்கிறீற்றில் பதித்த இரும்புக் கம்பி எல்லாக் குற்றிகளையும் ஊடுருவி உச்சிக் குற்றிக்கு மேலே வந்து, வாசரும் மரையும் போட்டு இறுக்கப்பட வேண்டும். கைமரங்களை அந்த உச்சிக் குற்றியோடு இரும்புப் பட்டியால் கட்ட வேண்டும். ஆணி மட்டும் போதாது. துளைகளைக் கம்பியைவிடச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால், தாழ வேண்டிய குற்றி கம்பியில் தொங்கி நின்று, இடைவெளி விழும். சுவர் தாழத் தாழ மரை தளர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கட்டிய முதல் மூன்று ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு புரட்டாசியிலும் மாரி பிறக்குமுன் சாவியை எடுத்துக்கொண்டு ஏறி, மரைகளை முறுக்குங்கள். ஆகவே மரை இருக்கும் இடத்தைப் பலகை அடித்து மூடிவிடாதீர்கள்.

கேள்வி: அறுகம்பை கடற்கரைக் காணியில் உல்லாசப் பயணிகளுக்காகக் குற்றி அறைகள் இரண்டு கட்டலாமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து நிலத்தை நோக்கி 300 மீற்றருக்குள் எதைக் கட்டினாலும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும், மரத்தால் கட்டுவதால் அது தற்காலிகக் கட்டடம் ஆகிவிடாது. பிரதேச சபையின் அனுமதி வேறு. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி துருவேறி ஓடுமாதலால், நாகமுலாம் பூசியவற்றையே வாங்குங்கள்.

கேள்வி: யானை வந்தால்?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: குற்றிச் சுவரை அது எளிதில் தள்ளாது; ஆனால் உள்ளே நெல் மணத்தால் கதவைத் தள்ளும். நெல்லையும் உப்பையும் அந்த வீட்டில் வைக்க வேண்டாம்.