தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு முகப்பில் வெள்ளை ஓரம் போட்ட ஹைட்ரேஞ்சியா வைத்திருக்கிறோம். சில கிளைகள் முழுப் பச்சையாக வருகின்றன. ஜனவரியில் கவாத்து செய்து யூரியாவும் போட்டோம். செடி தளதளவென்று இருக்கிறது, பூவைத்தான் காணோம்.
– வாசகி, உதகமண்டலம்

பதில்: பூவைக் கெடுத்தது அந்த ஜனவரி கவாத்துதான். இந்த ஹைட்ரேஞ்சியா பழைய கிளையில்தான் பூக்கும். அடுத்த பருவத்து மொட்டு குளிருக்கு முன்பே நுனியில் கட்டிவிடும், நுனியை வெட்டினால் அதுவும் போய்விடும். கொத்து வாடியதும், அதற்குக் கீழே பருத்த மொட்டு ஜோடி தெரியும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். செப்டம்பருக்குப் பிறகு கவாத்து வேண்டாம். கடைசிக் கொத்துகளை மார்ச் வரை விட்டுவைத்தால் உறைபனிக்கு அவையே குடை. பனி கடுமையான இரவுகளில் மாலையிலேயே சாக்கோ பழைய துணியோ போர்த்தி, காலையில் பனி உருகிய பிறகு எடுங்கள்.

யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும். மார்ச்சில் செடிக்கு 2 கிலோ மக்கிய தொழு உரம் போதும்.

பச்சைக் கிளைக்கு மட்டும் கவாத்துப் பருவம் பார்க்கக் கூடாது, கண்ட அன்றே எடுத்துவிட வேண்டும். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் ஓரம் போட்ட கிளை மெதுவாகத்தான் வளரும். முழுப் பச்சைக் கிளை அதை முந்திக்கொண்டு நாளடைவில் செடியையே பிடித்துவிடும். பாதியில் கிள்ளினால் மிச்சக் கட்டையிலிருந்து மறுபடி பச்சையே துளிர்க்கும். அது பிரியும் அடி வரை போய் ஒட்ட நறுக்குங்கள்.

வெள்ளை ஓரம் பழுப்பாகிக் கருகினால் நோய் என்று மருந்தடிக்க வேண்டாம். பெரும்பாலும் உச்சி வெயில்தான் காரணம். காலையில் 3, 4 மணி நேர வெயில், பிறகு நிழல் என்று அமைந்தால் நல்லது. முழு நிழலில் பூ குறையும்.

புதுச் செடி வேண்டுமென்றால் ஓரம் நன்றாக விழுந்த, பூக்காத கிளையில் 10–15 செ.மீ. குச்சி எடுங்கள். அடி இலைகளைக் களைந்து, மேல் இலைகளைப் பாதியாக வெட்டி, மணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்து நடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு நிழலில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேர் விடும்.

கேள்வி: அபுட்டிலான் இலையெல்லாம் மஞ்சள் திட்டு. என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: எதுவும் வேண்டாம். அது வைரஸ்தான், ஆனால் அந்தத் திட்டுக்காகவே விற்கிற செடி அது. துத்திக்கு உறவான இந்த ரகம் 1868-இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. விதை போட்டால் பெரும்பாலும் வெறும் பச்சைதான் முளைக்கும், குச்சியில்தான் திட்டு நிலைக்கும். பச்சை அபுட்டிலானோடு ஒட்டுக் கட்டாதீர்கள், அதற்கும் தொற்றும். ஹைட்ரேஞ்சியாவுக்கு நேர்மாறாக இது புதுத் துளிரில் பூப்பது. மார்ச்சில் பாதி உயரத்துக்குத் தாராளமாக வெட்டலாம்.