பஞ்சாமிர்தத்தைத் தொட மறுக்கிறார்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 49. சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரருக்கு 56. நாலு தறி போட்டுப் பெட்ஷீட் ஓட்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு 15 வருசமாகச் சர்க்கரை. இரண்டரை வருசத்துக்கு முன்னால் கிட்னி ரெண்டும் போய்விட்டது என்றார்கள். அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி ஈரோட்டில் டயாலிசிஸ். வெடியால அஞ்சரை பஸ்ஸுக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர மத்தியானம் ரெண்டு மணி ஆகும். கூடப் போவது நான்தான். அதில் எனக்குச் சலிப்பே இல்லை. என் வெசனம் வேறு.

அவர் சாமியை விட்டுவிட்டார்.

22 வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போனவர். காங்கயம், தாராபுரம் வழியாகப் போவார். கால் கொப்புளம் உடைந்தாலும் வண்டியில் ஏறமாட்டார். இன்றைக்குத் திருநீறு கூடப் பூசுவதில்லை. போன தைப்பூசத்துக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பையன் பஞ்சாமிர்தம் கொண்டுவந்து கொடுத்தான். "உள்ள எடுத்து வை" என்று தட்டைத் தள்ளிவிட்டார். ஒரம்பரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் நுனியில் தொட்டு வாயில் வைத்தால் என்ன ஆகிவிடும்? அவ்வளவு ஆணவமா?

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை விரதம், சஷ்டி விரதம் எல்லாம் அவருக்காகத்தான். சிவன்மலைக்குப் போய் உத்தரவுப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வருகிறேன். பெரியவர் ஒருவர் மந்திரித்துக் கொடுத்த கயிற்றை இவர் தூங்கும்போது இடது கையில் கட்டினேன். டயாலிசிஸ் ஊசி போடுகிற கை அது. அடுத்த நாள் நர்ஸ் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு என்னைத் திட்டினார். இவர் சிரிக்கிறார்! அந்தக் கையில் விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுமே, அதைத் தொட்டுக் காட்டி, "நம்மூட்டுல இப்ப இந்த ஒரு தறிதான் ஓடுது" என்று நர்ஸிடம் தமாஷ் வேறு. கயிறு அறுந்தது நல்லதுக்கில்லை என்று எனக்கு அன்றெல்லாம் சோறு இறங்கவில்லை.

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க எல்லாரும் போனோம், இவர் மட்டும் வரவில்லை. அவருடைய அக்கா, எங்க நங்கையா, "போன பிறவியில என்ன பாவம் பண்ணுனானோ" என்று என் காதுபடச் சொல்கிறார். பூஜையறை முருகன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். நான் நேராக வைக்கிறேன். மறுபடியும் திருப்புகிறார். ஒரு மாசமாக இதே கதை.

போன கிருத்திகை அன்று கரண்ட் போய்த் திண்ணைக் கட்டிலில் படுத்திருந்தவர், "ஏம்புள்ள, நான் அங்க போறத நிறுத்திட்டா எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டார். விளக்கு வைத்த நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று அதட்டிவிட்டு, பால் பொங்குது என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அடுப்பில் பாலே வைக்கவில்லை. அது கெடக்கட்டும். நான் கேட்க வந்தது இதுதான்: இந்தத் தைப்பூசத்துக்குக் கார் வைத்தாவது அவரைப் பழனிக்குக் கூட்டிப்போக வேண்டும். பஞ்சாமிர்தத்தைக் கூடத் தொடாதவரை எப்படி மறுபடியும் சாமி பக்கம் திருப்புவது? உங்கள் எழுத்தை அவர் படிப்பார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அடுப்பில் பால் இல்லை. உங்கள் கடிதத்தில் அந்த வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

பஞ்சாமிர்தத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதிய நீங்கள் இதை மட்டும் "அது கெடக்கட்டும்" என்று தாண்டிவிட்டீர்கள். அவர் கேட்டது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் எழுந்து போனீர்கள். இரண்டரை வருடம் வாரம் மூன்று நாள் கூடவே பஸ் ஏறுகிறவர் நீங்கள். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதர் வாய் திறந்த ஒரே நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இல்லை. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பஞ்சாமிர்தத்தை முதலில் முடித்துவிடுவோம். அதில் இருப்பது வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய். வாழைப்பழத்திலும் பேரீச்சையிலும் பொட்டாசியம் அதிகம். வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே தடம் மாறும். இளநீர் வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருப்பார்களே, அதே காரணம்தான். போதாததற்குச் சர்க்கரை வியாதி வேறு. விரல் நுனியளவில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனாலும் தட்டைத் தள்ளியவர் ஆணவக்காரர் அல்ல, டாக்டர் சொன்னதைக் கேட்கிறவர், பிழைத்திருக்க நினைக்கிறவர். அதே மனிதர்தான் நிறுத்திவிட்டால் எத்தனை நாள் என்றும் கேட்கிறார். அவருக்குள் இரண்டும் இருக்கின்றன. நீங்கள் இரண்டையுமே காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கயிறும் அப்படித்தான். அந்தக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா செய்திருக்கிறார்கள். அதை எதுவும் இறுக்கக் கூடாது. வாட்ச் கூடக் கட்டக் கூடாது. அவர் சொன்ன அந்த ஒரு தறி நின்றுபோகாமல் இருக்கத்தான் நர்ஸ் வெட்டினார். அதில் சகுனம் பார்க்க ஒன்றுமில்லை. நங்கையா சொல்லும் பாவக் கணக்குக்கும் ஒரே பதில்தான்: பதினைந்து வருடச் சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அவர் சாமியை விட்டுவிட்டார் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமியே வேண்டாம் என்றாகிவிட்ட ஆள் படத்தை எடுத்துப் பரணில் போட்டுவிடுவார். இவர் தினமும் வந்து திருப்பி வைக்கிறார். இது சண்டை. 22 வருடம் நடந்து போனவருக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்காதா? உங்களுக்குப் பக்கத்திலேயே, அவிநாசியை ஒட்டித் திருமுருகன்பூண்டி இருக்கிறது. சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோடு வந்த சுந்தரரை அங்கே வேடர்கள் வழிமறித்துப் பறித்தார்கள் என்பது வரலாறு. சுந்தரர் என்ன செய்தார்? நேரே கோயிலுக்குப் போய், நீர் இங்கே எதற்காக இருக்கிறீர் என்று பாட்டுக்குப் பாட்டு இறைவனையே கேட்டார். அந்தப் பதிகத்தைத் தேவாரத்தில் வைத்துப் பாடுகிறோம். யாரும் அவரை நாத்திகர் என்று சொல்லவில்லை.

நவீன மருத்துவமும் இதைக் கவனித்திருக்கிறது. 1967இல் லண்டனில், சாவை நெருங்கிய நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலியில் உடம்போடு மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்திருக்கிறது என்றார். அமெரிக்காவில் 55 வயதைத் தாண்டிய சுமார் 600 உள்நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று உள்ளுக்குள் போராடியவர்களிடையே இறப்பு சற்று அதிகமாக இருந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தக் கோபத்தைத் திருநீறு பூசி மூடிவிட முடியாது, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

நீங்கள் ஏன் ஓடினீர்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது. அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க உங்களால் முடியவில்லை. உங்கள் விரதங்களில் பாதி அவருக்கு, பாதி உங்கள் பயத்துக்கு. அதில் தப்பொன்றும் இல்லை, விரதத்தை விடவும் சொல்லமாட்டேன். அவரும் அதே பயத்தோடுதான் திண்ணையில் படுத்திருக்கிறார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று என்னால் சொல்ல முடியாது. செலவை நினைத்துக் கேட்டிருக்கலாம். உடம்பு ஓய்ந்துபோய்க் கேட்டிருக்கலாம். கடைசி நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கலாம். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது அடிக்கடி வருகிறது, சிகிச்சையும் இருக்கிறது. அதனால் அடுத்த முறை ஈரோடு போகும்போது அவர் இப்படிக் கேட்டார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாளாவது டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்றாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ காத்திருக்காதீர்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அதற்கு முன்னால் நீங்களே அவரிடம் கேட்க வேண்டும். "ஏனுங்க, அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டு ஓடிட்டேன். என்ன நெனச்சுக் கேட்டீங்க?" இவ்வளவு போதும். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை. அவர் பதில் சொல்லும்போது முருகனைக் குறுக்கே கொண்டுவராதீர்கள்.

பழனிக்குப் போவதை அவரே முடிவு செய்யட்டும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டீர்கள். அவரிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. படம் சுவரைப் பார்த்தபடியே கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இன்று ராத்திரி திண்ணையில் போய் உட்காருங்கள். இந்தத் தடவை அடுப்பில் நிஜமாகவே பால் இருந்தாலும் பொங்கட்டும், எழுந்திருக்காதீர்கள்.